இறக்கம் மட்டும்

— கடிக்காம என்ன செய்யும் மேடம்? புது ஷூவை மாட்டிக்கிட்டு காட்டுப் பாதையில இறங்கினா கால்தான் போகும். நல்லவேளை, நான் பஸ்ஸைக் கிளப்பறதுக்குள்ள நொண்டிக்கிட்டே திரும்பி வந்தீங்க.

— பழைய பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கிச் செஞ்ச ஷூம்மா இது. உலகத்துக்கு நல்லதுன்னு வாங்கினேன்.

— உலகத்துக்கு நல்லதாத்தான் இருக்கும். உங்க குதிகாலுக்குத்தான் ஒத்துக்கல. நல்லா காலை நீட்டி உக்காருங்க, பின்னாடி அத்தனை சீட்டும் காலி.

— அக்கா, நீ ரோட்டைப் பார்த்து ஓட்டு. மேடம்கிட்ட நான் பேசிக்கறேன்.

— ரோட்டைத்தான்டா பார்க்கறேன். வாய் சும்மாதானே இருக்குன்னு பேசறேன்.

— தப்பா எடுத்துக்காதீங்க மேடம். எங்க அக்கா பஸ் ஓட்டறதோட சரி. டூர் கம்பெனியோட யோசனை எல்லாம் என்னோடது. காத்தைக் கெடுக்காத கம்பெனின்னு எங்களுக்குப் பச்சை இலை முத்திரை குடுக்கலாமான்னு பார்க்க நீங்களே நேர்ல வந்தது எவ்வளவு பெரிய விஷயம்! அதுல உங்க காலுக்கு இப்படி ஆயிடுச்சேன்னுதான் எனக்கு வருத்தம்.

— நல்லது. வருத்தப்படாதீங்க. நடக்கறவங்களைக் கூட்டிட்டுப் போனாரே, அவர் யாரு?

— எங்க மாமா மேடம். அக்காவோட வீட்டுக்காரர். மலைப் பாதையில அவரை அடிச்சுக்க ஆள் கிடையாது.

— முட்டிவலிக்காரர் மேடம். இறக்கம்னா சிங்கம். ஏத்தம்னா கட்டிலைவிட்டு எந்திரிக்க மாட்டார்.

— அக்கா!

— சரி, சரி. நீ பேசு.

— அதாவது மேடம், கான்செப்ட் என்னன்னா, மத்த கம்பெனிக்காரங்க மேல ஊர்ல இருக்கற ஹோட்டல்ல இருந்து ஆளுங்களை பஸ்ஸுல ஏத்தி, கீழ ஏரிக்கரையில இறக்கி விட்டு, நாலு போட்டோ எடுக்க வெச்சு, திரும்ப ஏத்திட்டு வருவாங்க. நாங்க அப்படி இல்ல. காட்டு வழியா காலால ஏரிக்கு அனுப்பறோம். ஒரு சொட்டு டீசல் இல்ல, ஒரு துளி புகை இல்ல. நோட்டீஸ்லயே பச்சை எழுத்துல போட்டிருக்கோம், 'காற்றைக் காயப்படுத்தாத பயணம்'னு.

— ரொம்ப நல்லது. இப்போ நாம எங்கே போயிட்டிருக்கோம்?

— நாமன்னா?

— இந்த பஸ்.

— இதுவா? இது வந்து... அவங்களை எதிர்கொண்டு அழைக்கப் போகுது மேடம்.

— எங்கே?

— ஏரிக்கரைக்குத்தான்.

— பக்கமா?

— இதோ வந்துடும் மேடம்.

— ஆமா மேடம், நல்லா ஒரு தூக்கம் போட்டு எந்திரிங்க. எந்திரிச்சதும் இன்னொரு தூக்கம் போடுங்க. வந்துடும்.

— அக்கா விளையாட்டுக்குச் சொல்றாங்க. மேடம், அந்தப் பக்கம் பாருங்களேன், பள்ளத்தாக்கு! பஞ்சு மாதிரி மேகம்! நாங்கல்லாம் எதுக்கு இவ்வளவு கஷ்டப்படறோம்? இதைக் காப்பாத்தத்தானே!

— அது மேகம் இல்லடா. முன்னாடி போற லாரி விட்ட புகை.

— தண்ணி குடிக்கிறீங்களா மேடம்? நாங்க பிளாஸ்டிக் பாட்டிலை அறவே நிறுத்திட்டோம். வர்ற ஒவ்வொருத்தருக்கும் கம்பெனி பேர் போட்ட எவர்சில்வர் பாட்டில், எங்க அன்பளிப்பு.

— நல்லது. இது எங்கே செய்யறாங்க?

— வெளிநாட்டுல மேடம். தரம் முக்கியம் இல்லையா?

— பிளேன்ல வருது மேடம். ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை, அதுக்கு மேல ஒரு அட்டைப்பெட்டி, அதையும் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் சுருள். பிரிச்சுப் பிரிச்சு எனக்கு விரல் நகமே போயிடுச்சு. வர்றவங்க பாவம், ஏற்கெனவே வீட்டுல எட்டு பாட்டில் வெச்சிருக்காங்க, எல்லாம் இந்த மாதிரி டூர்ல குடுத்ததுதான்.

— அக்கா, உனக்கு யாராவது போன் பண்ண மாட்டாங்களா?

— வண்டி ஓட்டும்போது போன் பேசக்கூடாதுடா.

— அம்மா, நான் உங்ககிட்டயே ஒண்ணு கேக்கலாமா?

— மேடம், அவங்களுக்கு எதுவும் தெரியாது. என்னைக் கேளுங்க.

— இல்லைங்க. பஸ் எவ்வளவு தூரம் ஓடுதுன்னு ஓட்டறவங்களுக்குத்தானே தெரியும்? சொல்லுங்கம்மா. நடக்கறவங்களுக்கு ஏரி எவ்வளவு தூரம்?

— ஒரு மணி நேர நடை மேடம். நம்ம ஆளுங்க அங்கங்க நின்னு போட்டோ எடுப்பாங்க, தொப்பிக்காரர் ஒருத்தர் இருக்கார், ஒவ்வொரு பூவுக்கும் பேர் கேப்பார். எப்படியும் ரெண்டு மணி நேரம்.

— நல்லது. பஸ்ஸுக்கு?

— பஸ்ஸுக்குன்னா...

— அக்கா, யோசிச்சுப் பேசு.

— யோசிக்க என்னடா இருக்கு? ரோடு என்ன புதுசா? மலையையே ஒரு சுத்து சுத்தித்தான் மேடம் கீழ போகணும். நாப்பது கிலோமீட்டருக்குக் குறையாது. அப்புறம் அவங்களை ஏத்திக்கிட்டு இன்னொரு நாப்பது, மேல.

— அப்போ முன்னாடி, ஆளுங்களை பஸ்ஸுலயே கூட்டிட்டுப் போனப்போ?

— இதே நாப்பதுதான் மேடம். ரோட்டை யாரும் சுருக்கலையே.

— அப்போ என்ன மிச்சம்?

— மேடம், நான் விளக்கறேன். அதாவது, உலகம் பூரா புகையைத் தலைக்கு இவ்வளவுன்னுதானே கணக்கு போடறாங்க? மொத்தப் புகையைப் பயணிகளோட எண்ணிக்கையால வகுக்கணும். மத்த நாள்ல இறங்கும்போது இந்த பஸ்ஸுல பயணி எத்தனை பேர்? ஒருத்தரும் இல்ல. தலையே இல்லாதப்போ தலைக்கு எவ்வளவுன்னு எப்படி மேடம் வகுக்கறது? வகுக்கவே முடியாது. அதனால அதைக் கணக்குல சேர்க்கல.

— நான் ஒருத்தி உக்காந்திருக்கேனேடா. எனக்குத் தலை இல்லையா?

— டிரைவர் தலை கணக்குல வராது அக்கா.

— அது எனக்குத் தெரிஞ்ச விஷயந்தான். மேடத்துக்கும் தெரியட்டும்னு கேட்டேன்.

— அம்மா, ஒரு நிமிஷம். ஆள் இல்லாத பஸ்ஸுல ஏன் இவ்வளவு குளிருது?

— ஏசி மேடம். வேர்த்து விறுவிறுத்து வந்து ஏறுவாங்க, கதவைத் திறந்தா ஜில்லுனு முகத்துல அடிக்கணும்னு இவன் உத்தரவு. ஏரிக்கரையில போய் நிறுத்தினாலும் இன்ஜினை அணைக்க மாட்டேன், அவங்க வர்ற வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கும். முன்னாடியெல்லாம் அணைச்சுடுவேன். யாரும் நடக்கல, யாருக்கும் வேர்க்கல. இவன் புகையைக் குறைக்க ஆரம்பிச்சதுல இருந்துதான் மேடம் எனக்கு டீசல் கூடிப் போச்சு.

— முடிஞ்சுது. எல்லாம் முடிஞ்சுது. நல்லா இரு அக்கா.

— நான் நல்லாத்தான்டா இருக்கேன். உன் மூஞ்சிதான் வெளுத்துப் போச்சு.

— உனக்கென்ன, சிரிப்பு! மேடம், உங்ககிட்ட மறைச்சுப் பிரயோஜனம் இல்ல. பச்சை இலை இல்லாத கம்பெனிக்கு அடுத்த சீசன்ல இருந்து ஆளே அனுப்ப மாட்டோம்னு எங்களுக்கு டூரிஸ்ட் அனுப்பற பெரிய கம்பெனிக்காரங்க சொல்லிட்டாங்க. அவங்க அனுப்பலைன்னா இந்த பஸ்ஸை வித்துட்டு நாங்க வேற வேலை பார்க்க வேண்டியதுதான். அது தெரிஞ்சும் இவங்க இப்படி அள்ளிக் கொட்டறாங்க. சொந்தத் தலையில மண்ணை வாரிப் போட்டுக்கறதுன்னா இதுதான்.

— தெரிஞ்சுதான்டா சொல்றேன். மேடம், இந்த பஸ்ஸு போனா இவன் எங்கயாவது கோட்டு மாட்டிக்கிட்டு மேனேஜராப் போயிடுவான். வாய் இருக்கு, பிழைச்சுக்குவான். நான் வீட்டுல உக்காரணும். மாமியாருக்கு மருந்து, புருஷனுக்கு முட்டித் தைலம். இந்த ஸ்டீயரிங்கைப் பிடிச்சா மட்டும்தான் எனக்கு மூச்சே விட முடியுது. அதை விடறதுக்கு எனக்கு என்ன ஆசையா? ஆனா தினமும் காலி பஸ்ஸை மலையைச் சுத்தி ஓட்டிட்டுப் போய், கீழ அவங்க இறங்கி வந்து, 'காத்துக்கு நல்லது பண்ணிட்டோம்'னு என் கையைப் பிடிச்சுக் குலுக்கறப்போ எனக்கு அசிங்கமா இருக்கு மேடம். இன்னைக்கு நடக்கற குரூப்புல ஒரு டீச்சரம்மா, நேத்து ராத்திரி சாப்பிடறப்போ கண் கலங்கிட்டாங்க, பேரன் பேத்திக்குச் சொல்றேன்னு. எனக்குச் சோறே இறங்கல.

— நீங்க ஏன் இதை முன்னாடியே தம்பிகிட்ட சொல்லல?

— சொல்லாமலா? அவங்க நடந்தே திரும்பி மேல ஏறி வரட்டும்டா, பஸ் ஹோட்டல் வாசல்லயே நிக்கட்டும்னு சொன்னேன். ஊர்லேருந்து வரும்போதும் எதுக்குடா பிளேன், மேல நம்ம ஊர் ஸ்டேஷனுக்கே ராத்திரி ரயில் வருதே, படுத்துத் தூங்கி எந்திரிச்சா வாசல்ல இறங்கலாமேன்னும் சொன்னேன். கேட்டானா? ரயில்ல வந்தா 'சாதாரண டூர்' மாதிரி தெரியுமாம்.

— மேடம், ஜனங்க மனசு அவங்களுக்குத் தெரியாது. நாங்க நோட்டீஸ்ல என்ன போட்டிருக்கோம்? 'இறக்கம் மட்டும்'. கொட்டை எழுத்துல. அதைப் பார்த்துத்தான் வர்றாங்க. இயற்கைக்காக எதையும் விடத் தயார்ம்பாங்க, ஆனா மேடு ஏறச் சொன்னா முன்பணத்தைத் திருப்பிக் கேப்பாங்க. எல்லாம் ரிட்டயர் ஆனவங்க. நல்லவங்களா இருக்கணும், ஆனா மூச்சு வாங்கக் கூடாது. அந்த மாதிரி ஆளுங்களுக்கு ஏத்த மாதிரி ஒரு நல்ல காரியத்தைக் கண்டுபிடிச்சுக் குடுத்தேன். அது தப்பா?

— தப்பில்லடா. அதைக் காத்துக்கு நல்லதுன்னு சொல்லி வித்த பாரு, அதுதான் தப்பு.

— அம்மா, பஸ்ஸைக் கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க.

— வாந்தி வருதா மேடம்? கொண்டை ஊசி வளைவுல சில பேருக்கு வரும்.

— வாந்தி இல்ல. நிறுத்துங்க.

— நிறுத்திட்டேன்.

— இன்ஜினையும் அணைங்க.

— அணைச்சாச்சு மேடம். இறங்கி நடந்தே போயிடப் போறீங்களா? கால் வேற சரியில்ல.

— நான் இதுவரைக்கும் எத்தனையோ கம்பெனியைப் பார்த்திருக்கேன்மா. ஒருத்தர் மூங்கில் பல்துலக்கி காட்டினார். ஒருத்தர் ஒரே மரக்கன்னுக்குப் பக்கத்துல ஒவ்வொரு குரூப்பையும் நிக்க வெச்சு போட்டோ எடுத்தார். எல்லாரும் என்னை ஏசியில உக்கார வெச்சுப் பொய் சொன்னாங்க. முதல் தடவையா ஒருத்தர் உள்ளதைச் சொல்லிக் கேக்கறேன். எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு.

— அப்போ... மேடம்?

— நீங்க பேசாதீங்க. நான் அக்காகிட்ட பேசறேன். அம்மா, இங்கிருந்து பஸ்ஸைத் திருப்ப முடியுமா?

— இதோ, லாரி ஒதுங்கறதுக்கு அகலமா விட்டிருக்காங்களே, இங்கயே திருப்பலாம். பாதி தூரம்கூட இன்னும் வரல.

— திருப்புங்க. நடந்து போனவங்க நடந்தே மேல ஏறி வரட்டும். அதைப் பண்ணிக் காட்டுங்க, பச்சை இலை முத்திரை உங்களுக்குத்தான். இன்னைக்கே கையெழுத்துப் போடறேன்.

— மேடம், நிஜமாவா? ஆனா அவங்க ஏற மாட்டாங்களே! தொப்பிக்காரர் கேஸ் போட்டுடுவார்!

— போன் பண்ணிக் கேளேண்டா. கேட்டா காசா பணமா?

— ஹலோ, மாமா? எங்க இருக்கீங்க?... ஏரிக்குப் பாதி வழியா? சரி, கேளுங்க. கீழ போக வேண்டாம். எல்லாரையும் திருப்பி மேல கூட்டிட்டு வந்துடுங்க... ஆமா, மேலதான்... ஆமா, நடந்துதான். பஸ் ஏரிக்கு வராது... கத்தாதீங்க மாமா, மேடம் இருக்காங்க... உங்க முட்டியைப் பத்தி அப்புறம் பேசலாம், முதல்ல அவங்களைக் கேளுங்க. காலி பஸ் கீழ வரக்கூடாதுன்னு திருப்பிட்டோம், கொஞ்சம் மேடு ஏறணும்னு சொல்லுங்க. நான் லைன்ல இருக்கேன்...

— என்னடா சொல்றாங்க?

— இரு அக்கா... என்ன மாமா சத்தம் அது? சண்டையா?... கைதட்டறாங்களா? யாரு?... டீச்சரம்மாவா?... எல்லாருமா?... தொப்பிக்காரர்?... பூ பேரெல்லாம் திரும்ப ஒரு தடவை பார்க்கலாம்னு சொல்றாரா?... அவங்க ஏற ஆரம்பிச்சுட்டாங்களா? அப்போ நீங்க?... பாறையில உக்காந்துட்டா எப்படி மாமா? ஒரு குச்சியை ஒடிச்சு ஊனிக்கிட்டு ஏறுங்க.

— போனை இங்க குடு. ஏங்க, எந்திரிங்க. அறுபது வயசுக்காரங்க எல்லாம் முன்னாடி போறாங்க, வழிகாட்டி பாறையில உக்காந்தா ஊர் சிரிக்கும். ராத்திரி தைலம் தேய்ச்சு விடறேன். எந்திரிங்க... வெச்சுட்டார் மேடம். ஏறுவார்.

— மேடம், இத்தனை நாளா அவங்க ஏற மாட்டாங்கன்னு நானாவே நினைச்சுக்கிட்டிருந்தேனே!

— நீ ஒரு தடவையாவது கேட்டிருக்கணும்டா. கிளப்பறேன் மேடம், நல்லாப் பிடிச்சுக்கங்க. ஸ்டீயரிங்கை ஒடிக்கறேன். அவ்வளவுதான், திரும்பியாச்சு. அடேயப்பா, இந்த ரோட்டுல பாதி வழியிலயே திரும்பி நான் மேல போனதே இல்ல. ஏசியையும் அணைச்சுட்டேன், ஜன்னலைத் திறந்துக்கலாம்.

— நல்லது. ரொம்ப நல்லது. பாருங்க, இவ்வளவுதான் விஷயம். நாம எல்லாருமே கொஞ்சம் சிரமப்படத் தயாராகணும். வசதி, வசதின்னு அலையறதுதான் இத்தனை புகைக்கும் காரணம். யாரோ எங்கேயோ மாறட்டும்னு உக்காந்திருக்கக் கூடாது. அவங்கவங்க முதல்ல ஒரு அடி எடுத்து வைக்கணும்.

— அக்கா, கேட்டியா? மேடம் சொல்றதை அப்படியே அடுத்த நோட்டீஸ்ல போட்டுடறேன்.

— போடுடா, ஆனா இந்தத் தடவை செஞ்சுட்டுப் போடு. எனக்கு மனசு லேசாயிடுச்சு மேடம். வண்டியும் லேசா ஓடற மாதிரி இருக்கு. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல.

— அதெல்லாம் எதுக்கும்மா.

— அவங்க மேல வந்து சேர சாயங்காலம் ஆயிடும். ஹோட்டல்ல எல்லாருக்கும் சூடா டீ போட்டு வெக்கச் சொல்லிடறேன். மேடம், நீங்களும் இருந்து அவங்ககூட ஒரு போட்டோ எடுத்துக்கணும்.

— சாயங்காலமா?

— ஆமா மேடம். ஏத்தம் இல்லையா, நேரம் பிடிக்கும்.

— எனக்கு சாயங்காலம் ஃபிளைட் இருக்கே.

— அட, ஆமா! மேடம், ஏர்போர்ட் கீழ, ஏரியைத் தாண்டி இருக்கு. நாம மேல போயிட்டிருக்கோம்.

— அதனால என்னடா? மேல நம்ம ஸ்டேஷன்ல இருந்து ராத்திரி ரயில் இருக்கு. மேடம் அதுல ஏறினா விடியக்காலையில அவங்க ஊர்ல இறங்கிடலாம். மேடத்துக்குக் காலையில ஏதாவது அவசர வேலை இருக்கா?

— அவசரம்னு ஒண்ணும் இல்லம்மா.

— அப்புறம் என்ன? டிக்கெட் நம்ம கம்பெனி செலவு. கீழ் பெர்த்தா, ஜன்னல் பக்கமாப் பார்த்துப் போட்டுக் குடுடா.

— இல்லம்மா, அது வந்து... எனக்கு ரயில்ல தூக்கம் வராது. தடதடன்னு ஆட்டும். பக்கத்துல யாராவது குறட்டை விடுவாங்க. அப்புறம் மறுநாள் பூரா தலைவலி.

— மேடம், அவங்க மேல ஏற ஆரம்பிச்சுட்டாங்க. இப்போ நாம கீழ போனா ஏரிக்கரையில ஏத்தறதுக்கு ஆளே இருக்காது. உங்க ஒருத்தருக்காக மட்டும்தான் மேடம் இந்த பஸ் அவ்வளவு தூரம் போகணும்.

— திருப்பினதுக்குத்தானே மேடம் முத்திரை தர்றேன்னீங்க?

— முத்திரைக்கு ஒண்ணும் ஆகாதும்மா, அதை நான் பார்த்துக்கறேன். நீங்க அந்த ஜன்னலைச் சாத்திட்டு, வண்டியைத் திருப்ப அடுத்த இடம் எங்கே வருதுன்னு மட்டும் பாருங்க.